குடிமக்களுக்கு மட்டும் ஓட்டு: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெக்சாஸில் வசிக்கிறேன். நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டுக்குப் பல வருடம் காத்திருந்து, அப்புறம் நேர்காணல் முடித்து, உறுதிமொழி எடுத்து அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவன். ஓட்டுரிமை குடிமக்களுக்கு மட்டும்தான் என்று எங்கள் மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குத் தேர்வான சிப் ராய் மசோதா கொண்டுவந்தால் நீங்கள் எதிர்த்து எழுதுகிறீர்கள். முறையாக வரிசையில் நின்று வந்த எங்களுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசமே வேண்டாமா?

ர.

அன்புள்ள ர.,

அதிபரையும் நாடாளுமன்றமான காங்கிரஸையும் தேர்ந்தெடுப்பது குடிமக்களின் உரிமை. இதில் உங்களுக்கும் எனக்கும் சண்டையே இல்லை. ஆனால் அதைச் சட்டமாக்க ராயின் மசோதா தேவையில்லை. மத்திய அரசுத் தேர்தல்களில் குடியுரிமை இல்லாதவர் ஓட்டுப் போடுவது குற்றம் என்று 1996லேயே சட்டம் வந்துவிட்டது. ஓராண்டு வரை சிறை, அதோடு நாடு கடத்தலும் உண்டு. கிரீன் கார்டுக்காகப் பாதி ஆயுளைக் கொடுத்த ஒருவர், ஒரே ஓட்டுக்காக அதைப் பணயம் வைப்பாரா?

மசோதா மாற்றுவது வேறொன்றை. இன்று வாக்காளர் பதிவுப் படிவத்தில், பொய் சொன்னால் தண்டனை என்று தெரிந்தே, ‘நான் குடிமகன்’ என்று கையெழுத்துப் போடுகிறோம். கையெழுத்து போதாது, பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் மாதிரி ஓர் ஆவணம் வேண்டும் என்கிறார் ராய். காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபை 2024 ஜூலையிலும் 2025 ஏப்ரலிலும் இதை நிறைவேற்றியது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகும் என்பதற்கு கான்சாஸ் மாநிலம் சாட்சி.

அங்கே 2013ல் இதே விதி அமலுக்கு வந்தது. சுமார் 31,000 பேரின் பதிவு நின்றுபோனது. விண்ணப்பித்தவர்களில் ஏறக்குறைய 12 சதவீதம். அவர்களில் மிகப் பெரும்பாலோர் குடிமக்கள். காகிதம் கையில் இல்லை, அவ்வளவுதான். வழக்கு நடந்தபோது, விதிக்கு முந்தைய பல ஆண்டுகளில் வாக்காளர் பட்டியலில் ஏறிவிட்டதாக நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட, குடியுரிமை இல்லாதவர்கள் 39 பேர். 2018ல் விதி ரத்தானது, 2020ல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. ஜார்ஜியா 2024ல் 82 லட்சம் வாக்காளர்களைச் சரிபார்த்துக் கண்டுபிடித்தது குடியுரிமை இல்லாத 20 பேரை. இருபது பேரும் நீக்கப்பட வேண்டியவர்கள்தான். அவர்களைப் பிடிக்க ஏற்கெனவே வழி இருக்கிறது என்பதும் அதிலேயே தெரிகிறது.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். 2019ல் உங்கள் டெக்சாஸ் அரசு, குடிமக்களாக இல்லாமலிருக்கலாம் என்று சொல்லி சுமார் 95,000 வாக்காளர்களின் பட்டியலை வெளியிட்டது. எப்படித் தயாரித்தார்கள்? ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது கிரீன் கார்டு காட்டியவர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். இடையில் அவர்கள் குடியுரிமை வாங்கியிருக்கலாமே என்று யாரும் பார்க்கவில்லை. சில நாட்களிலேயே சுமார் 25,000 பெயர்கள் தவறு என்று தெரிந்தது. வழக்கு வந்ததும் பட்டியலையே கைவிட்டார்கள். நீங்களும் கிரீன் கார்டைக் காட்டித்தானே லைசென்ஸ் வாங்கியிருப்பீர்கள்? அந்தப் பட்டியல் உங்களைப் போன்றவர்களின் பட்டியல். முறையாக வந்தவர்களைத்தான் அது முதலில் சந்தேகித்தது.

நம் பெயர்களையும் யோசித்துப் பாருங்கள். அப்பா பெயர் ஒரு காகிதத்தில் இனிஷியல், இன்னொன்றில் கடைசிப் பெயர். ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு விசாவில் ‘எஃப்.என்.யு.’ என்று, அதாவது முதல் பெயர் தெரியாது என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாற்றிய பெண்களின் கதை தனி. பெயர் பொருந்தாதவர்களுக்கு மாநிலங்கள் வழி செய்யட்டும் என்கிறது மசோதா. அந்த வழி எப்படி இருக்கும் என்பது ஒவ்வொரு மாநிலத்தின் மனசைப் பொறுத்தது. குடியுரிமைச் சான்றிதழ் தொலைந்தால் மாற்றுச் சான்றிதழுக்கு ஐந்நூறு டாலருக்கு மேல் கட்ட வேண்டும். வசதியுள்ள உங்களுக்கு அது பெரிய தொகை இல்லை. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஒரு புதுக் குடிமகளுக்கு அது பெரிய தொகை.

மற்றவர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உள்ளாட்சித் தேர்தல் வேறு கதை. மேரிலாந்தின் டகோமா பார்க் ஊரில் 1990களிலிருந்தே குடியுரிமை இல்லாதவர்கள் நகரத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறார்கள். சான் பிரான்சிஸ்கோ 2016ல் பெற்றோர்களுக்குப் பள்ளி வாரியத் தேர்தலில் அந்த உரிமையைக் கொடுத்தது. நியூயார்க் நகரம் முயன்றது, மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் 2025ல் அதைத் தடுத்துவிட்டது. இதெல்லாம் புதுப் பழக்கமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல மாநிலங்கள் அனுமதித்தன, ஆர்கன்சாஸ் கடைசியாக 1926ல்தான் நிறுத்தியது. பிள்ளையை அந்தப் பள்ளிக்கு அனுப்பி, சொத்து வரியும் கட்டும் தாய்க்குப் பள்ளி வாரியத்தில் ஒரு குரல் இருக்கட்டும் என்பேன். வேண்டாம் என்றால் அதை அந்த ஊர் முடிவு செய்யட்டும்.

ஆவணம் கேட்பதையே நான் எதிர்க்கவில்லை. பிறப்பு, பாஸ்போர்ட், குடியுரிமைப் பதிவுகள் எல்லாம் அரசாங்கத்திடமே இருக்கின்றன. அதைத் தேடிப் பார்த்து, சந்தேகம் வந்தால் முதலில் கடிதம் போட்டுக் கேட்டு, மாற்றுச் சான்றிதழை இலவசமாகக் கொடுக்கும் கடமையும் அரசாங்கத்துக்கே என்று மசோதாவில் எழுதினால் நானும் ஆதரிப்பேன். ராய் உங்கள் தொகுதிக்காரர் என்றால் இதையே அவர் அலுவலகத்துக்கு எழுதுங்கள். அப்படியே, அடுத்த தேர்தலுக்கு முன் வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் சரியாக இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.