பேரனுக்கு ஓலாவ் என்று பெயரா?

கேள்வி: முப்பது வருடமாக ஒஸ்லோவில் இருக்கிறேன். மகன் நோர்வேப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். நாலு மாதப் பேரனுக்கு ‘ஓலாவ்’ என்று பெயர் வைக்கப் போகிறார்கள். மருமகளின் அப்பப்பா பெயராம். ஊரில் சொன்னால், ‘உலாவப் போகிறவனோ?’ என்று சிரிக்கிறார்கள். மருமகள் வேறு, போய்ச் சேர்ந்த என் கணவரின் பெயரை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னாள். வெறுப்பில் பேசாமல் இருந்துவிட்டேன். தமிழ்ப் பெயர் வைக்கச் சொல்லி மகனிடம் எப்படிப் பேசுவது?

பதில்: மகனிடம் பேசுவது இருக்கட்டும். அந்தத் தாளை ஏன் எழுதிக் கொடுக்கவில்லை?

ஒரு பெண் தானாக வந்து, கண்ணால் பார்க்க முடியாத மாமனாரின் பெயரை எழுதித் தரச் சொல்கிறாள். எதற்காக இருக்கும்? அங்கே குழந்தைக்கு இரண்டு பெயர் சேர்த்து வைப்பது சகஜம். இது உங்களுக்குத் தெரியாதா என்ன! தமிழ்ப் பெயர் வேண்டும் என்கிறீர்கள்; கேட்டு வந்தவளிடம் வாயைத் திறக்கவில்லை. அது பிழை, அம்மா.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது அவர்களுக்கும் பழைய வழக்கம்தான். நாம் பெயரன் என்றதும் அதனால்தானே? ஓலாவ் என்ற சொல்லுக்குள்ளேயே அது இருக்கிறது. பழைய நோர்ஸ் மொழியில் ‘ஓலாஃப்ர்’. முன்னோர் என்பதும், விட்டுச்சென்றது என்பதும் சேர்ந்த பெயர். 1030-இல் ஸ்டிக்லெஸ்டாட் போரில் இறந்த ராஜா ஓலாவைப் புனிதராக்கி, இன்றும் ஜூலை 29-ஐக் கொண்டாடுகிறார்கள். 1957 முதல் 1991 வரை ஆண்ட ஐந்தாம் ஓலாவை நீங்களே கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர் இங்கிலாந்தில் பிறந்தபோது அலெக்சாண்டர். டென்மார்க் இளவரசரான அப்பா 1905-இல் நோர்வேக்கு ராஜாவாக வந்தார். கார்ல் என்ற தன் பெயரை ஹாக்கோன் என்றாக்கி, இரண்டு வயது மகனையும் ஓலாவ் ஆக்கினார். பழைய பெயர் போயே போய்விட்டது. உங்கள் வீட்டில் எதையும் விடச் சொல்லவில்லையே, சேர்க்கத்தானே கேட்கிறாள்?

பிள்ளைக்குப் பெயர் வைப்பது பெற்றவர்கள் பாடு. வீட்டுப் பெயர்களை அவர்கள் கையில் கொடுப்பது பெரியவர்கள் பாடு. உங்கள் பாட்டை நீங்கள் செய்யவில்லை.

அங்கே ஆறு மாதத்துக்குள் பெயரைத் தெரிவித்தாக வேண்டும். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. தாளை எடுங்கள். தமிழில் ஒரு வரி, கீழே நோர்வே எழுத்தில் ஒரு வரி. ழகரம், ளகரம் வந்தால் அவள் வாயில் படியும்வரை சொல்லிக் காட்டுங்கள். நீங்களும் பேரன் பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகுங்கள். ‘ஓ’ என்று எழுதினாலும் அவர்கள் வாயில் அது ‘ஊலாவ்’. ஊரில் சிரிக்கிறவர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.