சிஸ்டரிடம் கேளுங்கள்: மகள் மடத்துக்குப் போகிறேன் என்கிறாள்

கேள்வி: சிஸ்டர், என் ஒரே மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து வேலையில் இருக்கிறாள். இப்போது துறவற சபையில் சேரப் போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவள் அப்பா அவளோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். உள்ளே போய்விட்டால் திரும்பி வரவே முடியாதாமே?
– ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: முதலில் அவள் அப்பாவைப் பேசச் சொல்லுங்கள் அம்மா. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வரும் பிள்ளை, பிறகு இது நமக்குச் சரிவராது என்று தெரிந்தாலும், எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது என்று நினைத்தே உள்ளே இருந்துவிடும். அப்படி இருப்பது அவளுக்கும் நரகம், கூட இருக்கிறவர்களுக்கும் நரகம்.

திரும்பி வர முடியாது என்பது சும்மா. சேர்ந்தவுடன் யாரும் சிஸ்டர் ஆகிவிடுவதில்லை. கேன்டிடேட், போஸ்டுலன்ட் என்று ஆரம்பப் பயிற்சி கொஞ்ச காலம், அப்புறம் நவசந்நியாசம் என்கிற துறவறப் பயிற்சிக் காலம். திருச்சபைச் சட்டப்படி 17 வயது நிறையாதவரை அதில் சேர்க்கக் கூடாது, அது குறைந்தது 12 மாதமாவது நடக்க வேண்டும், பல சபைகளில் இரண்டு வருடம் வைக்கிறார்கள். அதை முடித்தால் கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று கடவுளுக்குக் கொடுக்கிற வாக்கு, அதாவது முதல் வார்த்தைப்பாடு, அதுவும் தற்காலிகம்தான். குறைந்தது 3 வருடம், தேவைப்பட்டால் 9 வருடம் வரை நீட்டலாம். எடுத்த காலம் முடியும்போது "நான் புதுப்பிக்கவில்லை" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வரலாம், சபையும் உனக்கு இது ஒத்துவராது என்று அனுப்பிவைக்கலாம். வாழ்நாள் முழுவதற்குமான நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த பிறகும் வழி இருக்கிறது. பாப்பிறையின் (போப்பின்) நேரடி ஆளுகையில் உள்ள சபை என்றால் ரோமிலிருந்து அனுமதி வர வேண்டும், மறைமாவட்டச் சபை என்றால் ஆயர், அதாவது பிஷப், கொடுப்பார்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு அனுப்புங்கள். எத்தனை வருடம் உழைத்திருந்தாலும் வெளியே வரும்போது அந்த உழைப்புக்குச் சம்பளம் என்று சபையிடம் உரிமையோடு கேட்க முடியாது. நியாயத்தோடும் அன்போடும் நடத்த வேண்டும் என்று சட்டம் சபைக்குச் சொல்கிறது, அந்த நியாயம் சபைக்குச் சபை மாறும் என்பதை நான் மறைக்கப் போவதில்லை. அதனால் அவளுடைய நர்சிங் கவுன்சில் பதிவு காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வீர்களா என்று சேரும்போதே கேட்டுவிடுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் மடம் என்றால் வேறு மடம் பாருங்கள்.

போனதும் ஆஸ்பத்திரி வார்டில் நிற்பேன் என்று உங்கள் மகள் நினைத்துக்கொண்டிருப்பாள். நவசந்நியாசத்தில் அதெல்லாம் இருக்காது. விடியுமுன் மணி அடிக்கும், தியானம், திருப்பலி, அப்புறம் அடுப்படி, தோட்டம், பீடத் துணிகளைத் துவைத்து இஸ்திரி போடுவது. ஊசி போடத் தெரிந்தவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள், பலருக்கு அங்கேதான் முதல் அழுகை வரும்.

சேர்ப்பதற்கு முன் நீங்களும் அவள் அப்பாவும் ஒருமுறை போய்ப் பாருங்கள். திருவிழா அன்று போகாதீர்கள், அன்றைக்கு எல்லா மடமும் சொர்க்கம்தான். ஏதாவது ஒரு சாதாரண நாளில் போய், வயதான சிஸ்டர்கள் இருக்கும் அறையைக் காட்டச் சொல்லுங்கள். விரிப்பு சுத்தமாக இருக்கிறதா, தண்ணீர் செம்பு கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதா, இளம் சிஸ்டர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள். உங்கள் மகளுடைய முதுமை எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் வேலை பார்க்கும் சிஸ்டர்களுக்கு முழுச் சம்பளம் வருகிறதே, ஏழ்மை என்கிறீர்களே, அந்தப் பணம் எங்கே போகிறது?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சபைக்கு. சம்பளம், பென்ஷன் எல்லாமே சபையின் கணக்குக்குத்தான். எங்களுக்குக் கைச்செலவுக்கு ஒரு சின்னத் தொகை வரும், செருப்பு அறுந்துபோனால் இல்லத் தலைவியிடம் கேட்டு வாங்கி, பில்லைக் கொண்டுவந்து நோட்டில் எழுத வேண்டும். தலைமையாசிரியையாக லட்சக்கணக்கில் கணக்குப் பார்க்கிறவரும் சாயங்காலம் வந்து செருப்புக்குக் கேட்டு நிற்பார். சிரிப்பாகத்தான் இருக்கும்.

கையில் வராத பணத்துக்கு வரி எதற்கு என்றுதான் சபைகள் கோர்ட்டுக்குப் போயின. மறைபரப்பாளர்கள் தங்கள் வருமானத்தைச் சபைக்குக் கொடுத்துவிட்டால் வரி வேண்டாம் என்று 1944-ல் வருமான வரித் துறையின் சுற்றறிக்கை ஒன்று இருந்தது. 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் சம்பளத்தில் வரி பிடிக்கலாம் என்றது, 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்துவிட்டது. என்னைக் கேட்டால் தீர்ப்பு சரிதான். அரசாங்கம் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கிறது, அவர் அதை யாருக்குக் கொடுக்கிறார் என்பது அவர் பாடு. எங்கள் சபையிலேயே பலர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: பங்குச் சாமியார் காரில் போகிறார், சிஸ்டர்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். ஏன்?
– வாசகி, கும்பகோணம்

பதில்: மறைமாவட்டக் குருக்கள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. மணமில்லா வாழ்வும் ஆயருக்குக் கீழ்ப்படிதலும்தான் அவர்கள் கொடுக்கிற வாக்கு. சொந்தமாகச் சொத்து வைத்துக்கொள்ளலாம், வண்டியும் வைத்துக்கொள்ளலாம். இயேசு சபை, சலேசியர் மாதிரி துறவற சபைக் குருக்களுக்கு எங்களைப் போலவே மூன்று வார்த்தைப்பாடும் உண்டு, அவர்கள் ஓட்டுகிற வண்டி சபையுடையது. சட்டம் இவ்வளவுதான். மழையில் நிற்கிற சிஸ்டரை வண்டியில் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை, அதை நீங்களே உங்கள் சாமியாரிடம் சொல்லலாம்.

கேள்வி: எங்கள் ஊர் ஹெச்.எம். சிஸ்டரை மாற்றிவிட்டார்கள். அவர் வந்த பிறகுதான் பள்ளிக்கூடமே எழுந்து நின்றது. ஊர்மக்கள் மனு கொடுக்கலாமா?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: தாராளமாகக் கொடுங்கள், சிஸ்டர்களை இடம் மாற்றுகிற எங்கள் சபையின் மாநிலத் தலைவி (ப்ரொவின்ஷியல்) படிப்பார். எடுத்த முடிவை மாற்றுவது அபூர்வம். ஏழ்மைகூடப் பழகிவிடும், மே மாதம் வருகிற அந்த ஒரு பக்க இடமாற்றக் கடிதம்தான் எங்களுக்குக் கடைசிவரை பழகுவதில்லை. ஒரே ஒரு வேண்டுகோள்: அந்த சிஸ்டரைக் கொண்டே மனு எழுதவைக்காதீர்கள், மாட்டிக்கொள்வது அவர்தான். பள்ளிக்கு என்ன வேலை பாதியில் நிற்கிறது என்று குறிப்பாக எழுதுங்கள். கழிப்பறை கட்டி முடியவில்லை, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சர் இல்லை என்று எழுதினால் அடுத்து வருகிறவருக்காவது அது உதவும்.