கிறிஸ்து யாருக்காக மரித்தார்?

சிலுவைப் பலி உலகம் முழுவதற்கும் உரியதா, தேவன் தெரிந்துகொண்டவர்களுக்கு மட்டும் உரியதா என்று கேட்டிருக்கிறீர்கள். சபைகள் இதற்கு ஒரே பதிலைத் தந்ததில்லை. நெதர்லாந்தில் சீர்திருத்த இறையியலாளர் ஆர்மீனியஸின் வழிவந்தோர் 1610இல் முன்வைத்த ஐந்து கூற்றுகளுள் ஒன்று, கிறிஸ்து எல்லா மனிதருக்காகவும் மரித்தார், ஆயினும் விசுவாசிப்பவரே மன்னிப்பின் பலனை அடைகிறார் என்றது. அதை மறுத்த டார்ட் சங்கம் (சீர்திருத்தச் சபைகள் 1618–19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் கூட்டிய பேரவை), அப்பலி முழு உலகின் பாவங்களுக்கும் போதுமான அளவற்ற மதிப்புடையது என்று ஒப்புக்கொண்டே, அதன் மீட்கும் வல்லமை தெரிந்துகொள்ளப்பட்டவர்களிடத்தில் மட்டும் நிறைவேற வேண்டும் என்பதே தேவனின் நோக்கம் என்றது. 'வரையறுக்கப்பட்ட பரிகாரம்' என்று இக்கொள்கைக்கு இடப்பட்ட பிற்காலப் பெயர், பலியின் போதுமையைச் சொல்லும் முதற்பாதியை மறைத்துவிடுவதால், டார்ட் சங்கத்தின் போதனையை ஏற்கும் கால்வினியர் பலியின் மதிப்பையே குறைக்கிறார்கள் என்று பலர் தவறாக எண்ணுகிறார்கள். சர்ச்சை உண்மையில் பலியின் போதுமையைப் பற்றியதன்று, நோக்கத்தைப் பற்றியது.

லூத்தரன், மெதடிஸ்ட் சபைகள் பொதுவாக எல்லாருக்காகவும் என்றே போதிக்கின்றன. கிறிஸ்து அனைவருக்காகவும் மரித்தார் என்பதைத் தவறெனச் சொன்ன ஜான்சனியக் கூற்றை (ஆயர் ஜான்சனின் போதனையைப் பின்பற்றிய கத்தோலிக்க இயக்கத்தின் கூற்றை)க் கத்தோலிக்கத் திருச்சபை 1653இல் கண்டித்தது. பிரெஞ்சுச் சீர்திருத்த இறையியலாளர் அமிரோ, விசுவாசத்தை நிபந்தனையாக வைத்து, இரு தரப்புக்கும் இடைப்பட்ட வழியொன்றைத் தேடினார்.

என் பார்வையில், 'சர்வலோகத்தின் பாவங்களையும்' என்னும் 1 யோவான் 2:2 கால்வினியருக்கு எளிதில் விளக்க முடியாத வசனம். பாவக்கடன் ஏற்கெனவே தீர்க்கப்பட்டிருந்தால் அவிசுவாசி ஏன் தண்டிக்கப்படுகிறான் என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கால்வினிய இறையியலாளர் ஜான் ஓவன் எழுப்பிய வாதமோ மறுதரப்புக்கு அதே அளவு கடினமானது.