ரோஜாக் தட்டு: வாசகர் கேட்டவை, நான் சொன்னவை

போன மாதம் ஏதோ ஓர் உற்சாகத்தில் "படம், பாட்டு, புத்தகம் எது பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்று எழுதிவிட்டேன். கேட்டுவிட்டீர்கள். நான் விமர்சகன் இல்லை, நாற்பது வருடமாகப் பைத்தியமாக இருப்பவன், அவ்வளவுதான். கோபம் வந்தால் அடுத்த மாதம் திட்டி எழுதுங்கள், அதையும் போடச் சொல்கிறேன்.

கேள்வி: 'பிரியா', 'நினைத்தாலே இனிக்கும்' இரண்டும் சிங்கப்பூரில் எடுத்த படங்கள். நம்ம ஊர்ப் படங்கள் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாமா? உங்கள் ஓட்டு எதற்கு? (ஈசூன் வாசகி)

ஓட்டு 'நினைத்தாலே இனிக்கும்' படத்துக்கு, யோசிக்கவே வேண்டாம். எம்.எஸ்.வி. இசை, எல்லாப் பாட்டும் கண்ணதாசன், அதற்கு மேல் என்ன வேண்டும்? கதையை மட்டும் யாரும் என்னிடம் கேட்கக் கூடாது. 1979இல் எனக்கு ஏழு வயது, செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த அப்பா தோளில் தட்டித் தட்டி "அது எந்த ரோடு, தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததுதான் நினைவில் இருக்கிறது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அப்படித்தான். கமல் உருகி உருகிப் பாடிக்கொண்டிருப்பார், நாங்கள் அவருக்குப் பின்னால் போகிற பேருந்தின் எண்ணைப் படிக்கப் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆனால் நம்ம ஊர்ப் படமா என்றால், இல்லை அக்கா. 'பிரியா'வை எடுத்துக்கொள்ளுங்கள். சுஜாதாவின் நாவலில் வக்கீல் கணேஷ் போவது லண்டனுக்கு. 1978இல் படமாக்கியபோது லண்டனை எடுத்துவிட்டுச் சிங்கப்பூரை வைத்தார்கள். அப்படி மாற்றி வைக்க முடிகிறது என்றால் அந்தக் கதைக்கு இந்த ஊர் தேவைப்படவில்லை, ஏதோ ஒரு வெளிநாடு தேவைப்பட்டது என்றுதானே அர்த்தம்? பாட்டுகள் இளையராஜா, ஜேசுதாஸ், அதில் குறையே சொல்ல முடியாது, ஆனால் படம் முழுக்க நாம் விருந்தாளி வந்த வீட்டின் ஷோகேஸ் பொம்மை மாதிரிதான் நிற்கிறோம்.

இன்னொன்று. 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் ரஜினி சிகரெட்டைத் தூக்கிப் போட்டு வாயில் பிடிக்கும் பந்தயம், பத்து தடவை தவறாமல் பிடித்தால் கார், தவறினால் விரல் போச்சு, ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பந்தயத்தின் மூலம் ரோல்ட் டால் எழுதிய ஒரு சிறுகதை. அதில் சிகரெட் லைட்டரைப் பத்து தடவை பற்றவைக்க வேண்டும். லைட்டரைத் தூக்கிவிட்டு ரஜினிக்கென்றே சிகரெட்டைக் கொண்டுவந்தார்கள் பாருங்கள், அந்த மூளைக்கு ஒரு சலாம்.

கேள்வி: வருடத்துக்கு ஒரு தமிழ் நாவலுக்கு மேல் எனக்கு ஓடாது. ஒன்றே ஒன்று சொல்லுங்கள். (பிடோக் வாசகர்)

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. 1972இல் வெளிவந்தது. இரண்டாம் உலகப் போர், ஜப்பானியர் காலம், இந்தோனேசியாவின் மேடான், பினாங்கு, இந்திய தேசிய ராணுவம் என்று நாம் பள்ளியில் வரலாற்றுப் பாடமாக மட்டும் படித்ததெல்லாம் இதில் வியர்வை நாற்றத்தோடு வருகிறது. எழுதியவர் இளம் வயதில் மேடானுக்கு வேலைக்குப் போனவர், பிற்பாடு மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்தவர். ஆகவே சுற்றுலாப் பயணி பார்த்த கிழக்காசியா இல்லை, சம்பளத்துக்கு வந்தவன் பார்த்தது.

எனக்கு இந்த நாவல் பிடித்துப்போனதற்குக் காரணம் ஒரு சொல். என் தாத்தா சிங்கப்பூர் ஆற்றில் நின்ற சரக்குப் படகுகளைத் 'தொங்கான்' என்பார். அது ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்துப் பள்ளியில் ஒருவனைத் திட்டவும் செய்திருக்கிறேன். வளர்ந்த பிறகு, புயலில் மாட்டிக்கொள்ளும் தொங்கானைப் பற்றிப் பக்கம் பக்கமாக சிங்காரம் எழுதியிருப்பதைப் படித்தபோது, தாத்தா வாயில் மட்டும் இருந்த ஒரு சொல் அச்சில், அதுவும் இவ்வளவு பெரிய நாவலில், மலாய்ச் சொற்களோடு தோளில் கை போட்டுக்கொண்டு சர்வ சாதாரணமாக உட்கார்ந்திருந்தது, சத்தியமாகக் கண் கலங்கிவிட்டது, எம்ஆர்டியில் எதிரே இருந்த சீனத்து ஆன்ட்டி டிஷ்யூ நீட்டினார்.

ஒரு எச்சரிக்கை. முதல் ஐம்பது பக்கம் கொஞ்சம் முட்டும். ஆட்கள் நிறைய, இடங்கள் நிறைய, திடீர் திடீரென்று ஊர் நினைவுக்குத் தாவும். விட்டுவிடாதீர்கள். பினாங்கில் நண்பர்கள் குடித்துவிட்டுச் சிலப்பதிகாரத்தையும் தமிழ்ப் பெருமையையும் கிண்டலடித்துப் பேசுகிற இடம் வரைக்குமாவது வந்துவிடுங்கள். ஐம்பது வருடத்துக்கு முந்தைய எழுத்து, இன்றைக்கு மேடையில் அப்படிப் பேசினால் ஆளை இறக்கிவிடுவார்கள். கதாநாயகன் பாண்டியன் கடைசியில் என்ன ஆகிறான் என்று கேட்டு எழுதாதீர்கள், சொல்ல மாட்டேன்.

கேள்வி: 'பொன்னியின் செல்வன்' இரண்டு பாகமும் தியேட்டரில் பார்த்தாயிற்று. ஐந்து பாகப் புத்தகம் இனிமேல் அவசியமா? (செங்காங் வாசகர்)

அவசியம் என்று ஒன்றும் இல்லை, ஆனால் ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் போகிற முதல் அத்தியாயத்தை மட்டும் படியுங்கள். நிறுத்த முடிந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். புத்தகத்தில் வருகிற மணிமேகலை என்ற பெண் படத்தில் இல்லவே இல்லை என்பதில் எனக்கு இன்னும் வருத்தம் உண்டு.

கேள்வி: இளையராஜாவா, ரகுமானா? (பெயர் வேண்டாம் என்கிறார், புத்திசாலி)

காலையில் வேலைக்குப் போகும்போது ஒருவர், இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது மற்றவர். யார் எப்போது என்று சொன்னால் என் வீட்டிலேயே சண்டை வரும்.

கேள்வி: கச்சேரிக்குப் போனால் பக்கத்து இருக்கைக்காரர் "ஆகா, என்ன ராகம்!" என்று தலையாட்டுகிறார். எனக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கிறது. ராகம் தெரியாதவன் பாட்டு கேட்கக் கூடாதா அண்ணே? (புக்கிட் பாத்தோக் வாசகர்)

தலையாட்டுகிறவர்களில் பாதிப் பேர் பக்கத்து ஆளைப் பார்த்துத்தான் ஆட்டுகிறார்கள் தம்பி, பயப்படாதீர்கள். எனக்கும் ஸ்வரம் எழுதத் தெரியாது. நான் ராகம் கற்றுக்கொண்டது கச்சேரியில் இல்லை, தேக்கா கேசட் கடையில்.

ஒரு வேலை செய்யுங்கள். இந்த நான்கு பாட்டையும் வரிசையாகக் கேளுங்கள். 1977இல் 'கவிக்குயில்' படத்தில் பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்'. 1983இல் 'ஒரு ஓடை நதியாகிறது' படத்தில் 'தலையைக் குனியும் தாமரையே'. 1999இல் 'முதல்வன்' படத்து 'அழகான ராட்சசியே'. 2008இல் 'சுப்பிரமணியபுரம்' படத்து 'கண்கள் இரண்டால்'. முதல் இரண்டும் இளையராஜா, மூன்றாவது ரகுமான், நான்காவது ஜேம்ஸ் வசந்தன். தாளம் வேறு, வாத்தியம் வேறு, ஒன்றில் கண்ணனைக் கூப்பிடுகிறார்கள், ஒன்றில் ராட்சசியைக் கொஞ்சுகிறார்கள், ஆனால் நான்குக்கும் அடியில் ஓடுவது ரீதிகௌளை என்ற ஒரே ராகம்.

முதல் தடவை பிடிபடாது. மூன்றாவது நாள், வேறு ஏதோ வேலையில் இருக்கும்போது, ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்து நடுவில் இன்னொரு பாட்டுக்குள் போய் முடிப்பீர்கள். அங்கேதான் இருக்கிறது ராகம். தேக்காவில் முன்பின் தெரியாத ஒருவரின் நடையைப் பார்த்து "நீங்க இன்னாரோட தம்பிதானே?" என்று கேட்டுவிடுகிறோமே, அதே மாதிரிச் சாயல் தட்டுப்படுவதுதான். அப்புறம் சுப்பராய சாஸ்திரியின் 'ஜனனி நின்னுவினா' கீர்த்தனைக்குப் போங்கள். அந்நிய வீடாக இருக்காது, நான்கு தெரிந்த முகங்கள் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: மகன் தொடக்கநிலை ஐந்து. தமிழ்ப் புத்தகம் என்றாலே ஓடுகிறான். நல்ல கதைப் புத்தகங்கள் பெயர் சொல்லுங்கள். (பொங்கோல் வாசகி)

பெயர் சொல்வதற்கு முன்னால் ஒரு சந்தேகம் அம்மா. கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று கேட்கிறீர்களா? கேட்பீர்கள் என்றால் அவன் ஓடுவது நியாயம், நானும் ஓடுவேன். ஒரு மாதம் அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். நீங்களே வாய்விட்டுப் படியுங்கள், குரல் மாற்றி, கொஞ்சம் நாடகத்தனமாக, வெட்கம் பார்க்காமல். என் மகளை நான் அப்படித்தான் இழுத்தேன், அதுவும் புத்தகத்தால் இல்லை, பாட்டு வரியால். அவளுக்குப் பிடித்த பாட்டின் வரிகளைத் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன், ஒரு சொல்லை வேண்டுமென்றே தப்பாக எழுதி. கண்டுபிடித்துத் திருத்தியதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தை எந்தப் பயிற்சித்தாளும் கொடுத்ததில்லை.

கேள்வி: சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் என்றாலே மொழி வாழ்த்துக் கவிதையும் பழைய நினைவும்தானே? தமிழ்நாட்டு எழுத்தோடு ஒப்பிட முடியுமா? (அங் மோ கியோ வாசகர்)

வாழ்த்துக் கவிதைகள் கொஞ்சம் அதிகம்தான், ஒத்துக்கொள்கிறேன், ஏப்ரலில் தமிழ் மொழி விழா வந்தால் எனக்கும் பல் கூசும். ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டுக் கடையைச் சாத்தக் கூடாது. லதாவின் 'நான் கொலை செய்யும் பெண்கள்' சிறுகதைத் தொகுப்பைப் படித்திருக்கிறீர்களா? 2008இல் சிங்கப்பூர் இலக்கியப் பரிசு வாங்கிய புத்தகம். சோபாவில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன், தலைப்பைப் பார்த்த மாமியார் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

புதுமைதாசன் என்ற பெயரில் எழுதிய பி. கிருஷ்ணனின் 'அடுக்குவீட்டு அண்ணாசாமி' இன்னொன்று. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் வானொலியில் வந்த நகைச்சுவைத் தொடர். அடுக்குமாடி வீட்டு வாழ்க்கை அப்போது நம்மவர்களுக்குப் புதுசு, மேல்வீட்டுச் சத்தமும் மின்தூக்கியும் பக்கத்து வீட்டு வம்பும் எல்லாமே புதுசு. நான் முதல் கேள்விக்குச் சொன்னேனே, ஊர் தேவைப்படாத கதை என்று, அதற்கு நேர் எதிர் இது. அண்ணாசாமியைத் தூக்கி லண்டனில் வைத்துப் பாருங்கள், ஒரு வசனம்கூட வேலை செய்யாது.

படத்திலும் ஒன்று உண்டு, எரிக் கூ இயக்கிய 'மை மேஜிக்'. குடித்துச் சீரழிந்த மந்திர வித்தைக்காரர், பத்து வயது மகன், பெரும்பாலும் தமிழ் வசனம். 2008இல் கான் திரைப்பட விழாவின் முதன்மைப் போட்டிக்குப் போனது. இயக்குநருக்குத் தமிழ் தாய்மொழி இல்லை, கதாநாயகன் பாஸ்கோ பிரான்சிஸ் நிஜமாகவே வித்தைக்காரர். படம் கொஞ்சம் மெதுவாகப் போகும், சில இடங்களில் பார்க்கவே முடியாது, அவர் தன்னைத்தானே அவ்வளவு வதைத்துக்கொள்வார். இருந்தாலும் நம் ஊரில் குடித்துவிட்டுக் கீழே விழுந்து கிடக்கிற ஒரு தமிழனை அழகுபடுத்தாமல், திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த படம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். தமிழ்நாட்டோடு ஒப்பிடுவதெல்லாம் அப்புறம், முதலில் இந்த மூன்றையும் முடித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: நீங்கள் புகழும் புத்தகங்களை வாசகர்களுக்கு இரவல் தருவீர்களா? (தெம்பனிஸ் வாசகர்)

மாட்டேன். நூலகத்தில் 21 நாள் சும்மா தருகிறார்கள், அங்கே போங்கள். கொவிட் வருவதற்கு முன்னால் ஒரு நண்பர் என்னுடைய 'புயலிலே ஒரு தோணி'யை, ஓரமெல்லாம் பென்சிலில் நான் குறிப்பு எழுதி வைத்திருந்த பிரதியை, "ரெண்டே வாரம்" என்று வாங்கிக்கொண்டு போனார். இரண்டு வாரம் ஆயிற்று, இரண்டு வருடம் ஆயிற்று, நான் ஜாடையாகக் கேட்டேன், நேராகக் கேட்டேன், அவர் வீட்டுக்கே போய்ப் புத்தக அலமாரியைப் பார்த்தபடி அரை மணி நேரம் டீ குடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. போன தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து ஒரு டப்பா நிறைய முறுக்கு வந்தது. டப்பாவைத் திருப்பிக் கேட்டு மூன்றாவது நாளே போன்.