ஏற்காடு கிளியூர் அருவியில் எப்போது தண்ணீர் இருக்கும்? அங்கே நல்ல போட்டோ எடுக்க என்ன கேமரா, என்ன செட்டிங் வேண்டும்? அருவியில் குளிக்கலாமா?

முதலில் ஏரியைப் பாருங்கள். ஏற்காடு ஏரி நிரம்பிக் கோடி போனால், அதாவது மிகுதி நீர் வழிந்து வெளியேறினால், கிளியூரில் அருவி உண்டு. ஏரி வற்றிக் கரையோரம் சேறு தெரிகிறதா, அருவிப் பக்கம் படி இறங்கி ஏறியதுதான் மிச்சம். கேமரா, லென்ஸ், செட்டிங் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

சேலத்தில் கல்யாண போட்டோ எடுப்பது என் தொழில். அவுட்டோர் ஷூட் என்றால் பாதிப் பேர் கேட்பது ஏற்காடு. அதில் பாதிப் பேர் கேட்பது கிளியூர். "அண்ணா, பின்னாடி அருவி கொட்டணும், நாங்க முன்னாடி நிக்கணும்" என்பார்கள். முகூர்த்தம் மாசியிலோ பங்குனியிலோ இருக்கும். அந்த மாதங்களில் முந்நூறு அடிப் பாறையில் சும்மா ஈரக்கோடு ஒன்று வழிந்துகொண்டிருக்கும். இதை அவர்களுக்குப் புரிய வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இணையத்தில் கிடக்கும் கிளியூர் படங்கள் பெரும்பாலும் மழைக்காலத்துப் படங்கள். அதைப் பார்த்துவிட்டு ஏப்ரலில் வண்டி ஏறுகிறவர்கள்தான் "ஏமாத்திட்டாங்க" என்று எழுதுகிறார்கள்.

ஏரியின் மிகுதி நீர்தான் கிளியூர்ப் பள்ளத்தாக்கில் போய் விழுகிறது. பெரிய ஆறு எதுவும் இல்லை. ஒகேனக்கல் மாதிரி மேலே அணையில் திறந்துவிட்டால் இங்கே பெருகும் என்ற கதையும் இல்லை. மலையில் பெய்கிற மழைதான் முழுக் கணக்கு. ஆகவே ஜூனுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வரும். செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நம்பிப் போகலாம். மே மாதக் கோடை விழாவுக்குக் கூட்டம் அள்ளும். மலர்க் கண்காட்சி நன்றாக இருக்கும். அருவியோ, கோடை மழை கொட்டிய வருடம் தவிர, பெயருக்குத்தான் இருக்கும்.

இன்னொன்று. சேலத்தில் பெய்கிற மழையை வைத்து முடிவு செய்யாதீர்கள். அஸ்தம்பட்டியில் வெயில் கொளுத்தும்போதும் மேலே கொட்டும். இங்கே தெருவில் தண்ணீர் ஓடும்போது மேலே வெறும் பனிமூட்டமாக இருக்கும். மேலே இருக்கிற யாரையாவது கேட்டுவிட்டுக் கிளம்புவதுதான் சரி. நான் ஏரிக்கரையில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் போனில் கேட்டுக்கொள்வேன். "ரெண்டு நாளா ஊத்துது தம்பி, தண்ணி செவப்பா வருது, இப்ப வராதீங்க. மழை விட்டதும் வாங்க" என்பார். வானிலை ஆப் எதுவும் இவ்வளவு துல்லியமாகச் சொன்னதில்லை. அவர் சொல்வது போட்டோக்காரர்களுக்கு முக்கியமான விஷயம். கனமழை அன்று தண்ணீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு தேநீர் நிறத்தில் வரும். மழை விட்டு ஒன்றிரண்டு நாளில் வெள்ளையாகும், அளவும் குறைந்திருக்காது. அந்த இடைவெளிதான் வேண்டும். கனமழை நாளில் போலீசும் வனத்துறையும் உள்ளே விடவும் மாட்டார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையிலேயே மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். அப்படிப்பட்ட வாரத்தில் அருவி எவ்வளவு அழகாக இருந்தாலும் அது நமக்கானது இல்லை.

வழி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கோரிமேடு, அடிவாரம், இருபது கொண்டை ஊசி வளைவு, ஏரி. சேலம் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ் இருக்கிறது. ஏரியிலிருந்து அருவி மூன்று கிலோமீட்டர் போல. கடைசியில் வண்டியை விட்டுவிட்டுச் செங்குத்தாகப் படி இறங்க வேண்டும். இறங்கும்போது யாருக்கும் ஒன்றும் தெரியாது, ஏறும்போது ட்ரைபாடின் எடை தெரியும். குரங்குகள் உண்டு, கையில் பாலித்தீன் பை எதையும் தொங்கவிடாதீர்கள். உள்ளே லென்ஸ் இருக்கிறதா முறுக்கு இருக்கிறதா என்று அவை விசாரிப்பதில்லை.

காலையில் சீக்கிரம் போங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் சூரிய உதயத்துக்காக இல்லை. பத்து மணிக்கு மேல் குளிக்கிற கூட்டம் வந்துவிடும், அப்புறம் எந்தப் பக்கம் திருப்பினாலும் துண்டும் பனியனும்தான் படத்தில் இருக்கும். வெளிச்சத்தைப் பொறுத்தவரை அருவிக்கு மேகமூட்டம்தான் நல்லது. ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட் என்ற கருங்கல் வகை. பல்லாவரம் குன்றுகளில் இருப்பதும் இதே வகைதான். இயல்பிலேயே கருமை, நனைந்தால் இன்னும் கருப்பு. பக்கத்திலேயே பாலாக விழுகிற நீர். இந்த இரண்டின் மேலும் நேர் வெயில் விழுந்தால் எந்த கேமராவும் திணறும்: பாறையைச் சரிசெய்தால் தண்ணீர் வெந்துபோகும், தண்ணீரைச் சரிசெய்தால் பாறை கரியாகும். மேகம் மூடினால் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வரும். அப்போதும் எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடுகிற வெளிச்சத்தை, அரை ஸ்டாப் முதல் ஒரு ஸ்டாப் வரை குறைத்து எடுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்). இருட்டான பாறையை ராவ் ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கிற கோப்பில்) பிறகு தூக்கிவிடலாம். வெந்துபோன வெள்ளையைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை. வானம் படத்துக்குள் வராமல் பார்த்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். மேகமூட்ட வானம் வெறும் வெள்ளைத் தாளாகத்தான் விழும்.

ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதுதான் இந்தப் பதிலின் முக்கியப் பகுதி. அருவி என்றாலே பஞ்சு மிட்டாய் மாதிரி எடுக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வந்துவிட்டது. யூடியூபில் பார்த்துவிட்டுப் பத்து ஸ்டாப் என்டி ஃபில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கருப்புக் கண்ணாடி) வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கிளியூருக்கு அது தேவையே இல்லை. மேகமூட்டத்தில் பள்ளத்தாக்கு நிழலில் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸ் துளை) எஃப் 11 வைத்து, பளபளப்பை வெட்டுகிற போலரைசர் ஃபில்டர் ஒன்றை மாட்டினாலே ஷட்டர் கிட்டத்தட்ட கால் நொடிக்கு வந்துவிடும். அதுவே போதும். இன்னும் கொஞ்சம் வேண்டுமென்றால் மூன்று ஸ்டாப் என்டி, இரண்டு நொடி கிடைக்கும். அதற்கு மேல் போனால் தண்ணீர் புகையாகிவிடும், பாறையில் எங்கே பட்டது, எங்கே தெறித்தது என்ற அடையாளமே இருக்காது.

எனக்குத் தெரிந்து இங்கே ஷட்டரை முடிவு செய்ய வேண்டியது தண்ணீரின் அளவு. தண்ணீர் குறைவாக, நூல் நூலாக வழிகிற நாளில் மெதுவான ஷட்டர் வையுங்கள். அரை நொடி, ஒரு நொடி. பிரிந்து பிரிந்து விழுகிற துளிகள் ஒன்றாகக் கோத்துக்கொண்டு அருவி கொஞ்சம் தடித்துத் தெரியும். தண்ணீர் நிறைய வருகிற நாளில் அதையே செய்தால் மொத்தமும் ஒரே வெள்ளைத் திட்டு. அன்றைக்கு ஷட்டரை 1/500 நொடியைவிட வேகமாக வைத்து, பாறையில் மோதிச் சிதறுவதை அப்படியே நிறுத்தி எடுங்கள். அருவியின் கோபம் அப்போதுதான் படத்தில் தெரியும். இரண்டுக்கும் நடுவில் 1/15, 1/8 என்று ஒரு வேகம் இருக்கிறது. ஓட்டமும் தெரியும், நூலும் தெரியும். என் படங்களில் எனக்குப் பிடித்தவை பெரும்பாலும் அந்த நடு வேகத்தில் எடுத்தவை.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: விழுகிற தண்ணீர் முதல் அரை நொடியில் நாலு அடிதான் இறங்கும், ஒரு நொடி முடிவதற்குள் பதினாறு அடி. கீழே வர வர வேகம் கூடிக்கொண்டே போகும். அதனால் ஒரே ஷட்டரில் எடுத்தாலும் உச்சியில் தண்ணீர் நின்ற மாதிரியும் கீழே இழுத்த மாதிரியும் விழும். உச்சியை மட்டும் ஜூம் லென்ஸில் எடுக்கிறீர்களா, அடிப்பகுதியை எடுக்கிறீர்களா என்று பார்த்து ஷட்டரை மாற்றுங்கள். கிளியூர் முழுக்க அந்தரத்தில் விழுவதில்லை, பாறையில் இடறி இடறித்தான் இறங்குகிறது. அந்த இடறல்களில் ஒன்றிரண்டைத் தனியாக எடுத்தால் முழு அருவியையும் எடுத்ததைவிட நன்றாக வரும், அதுவும் தண்ணீர் குறைவான நாளில். முழு உயரமும் வேண்டும் என்று அடியில் நின்று வைட் லென்ஸில் அண்ணாந்து எடுத்தால் முந்நூறு அடி முப்பது அடியாகச் சுருங்கிப்போகும். முடிந்தவரை பின்னால் வந்து நெட்டுவாக்கில் எடுங்கள். ஓரத்தில் ஓர் ஆள் சின்னதாக நின்றால் உயரம் தானாகப் புரியும்.

பொருள் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் போலரைசரை வாங்குங்கள். கண்ணுக்கு முன்னால் பிடித்து மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஈரப் பாறையின் மேலிருக்கிற வெள்ளைப் பளபளப்பு ஒரு கட்டத்தில் சட்டென்று மறையும், அடியில் இருக்கிற பாசியின் பச்சை மேலே வரும். பக்கத்துச் செடிகளின் இலையிலும் அப்படியே. எந்த எடிட்டிங் ஆப்பிலும் இதைச் செய்ய முடியாது. ட்ரைபாடைத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஊன்றாதீர்கள், கால் அதிர்ந்து படம் ஆடும். பாறையில் வைத்து, லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை (கை ஆட்டத்தைச் சரிக்கட்டும் வசதியை) அணைத்து, இரண்டு நொடி டைமரில் எடுங்கள். சாரல் லென்ஸில் வந்து உட்கார்ந்துகொண்டே இருக்கும். பருத்தித் துண்டு ஒன்று, மைக்ரோஃபைபர் துணி இரண்டு. சட்டை நுனியால் துடைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பனிமூட்டம் இறங்கினால் ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும்; பாறை விளிம்பைப் பிடித்து ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். மூட்டம் வந்துவிட்டதே என்று கிளம்பிவிட வேண்டாம். ஏற்காட்டு மூட்டம் ஒரே இடத்தில் நிற்காது, பத்து நிமிடத்தில் விலகும், திரும்ப வரும். விலகுகிற அந்த நேரத்துப் படம் தனி.

போன் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் கவலை இல்லை. ஐபோனில் லைவ் போட்டோவாக எடுத்துவிட்டு லாங் எக்ஸ்போஷருக்கு மாற்றினால் தண்ணீர் இழுத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டில் ப்ரோ மோடு இருந்தால் ஐஎஸ்ஓவைக் கடைசி வரை இறக்கிவிட்டு ஷட்டரை 1/8, 1/4 என்று வையுங்கள். பெரும்பாலான போன்களில் அப்பர்ச்சரைச் சுருக்க முடியாது என்பதால் வெளிச்சம் அதிகமாக இருந்தால் படம் வெளுக்கும். அப்போது போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றை லென்ஸுக்கு முன்னால் பிடியுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், படம் வரும். போனைக் கையில் பிடிக்காமல் கல் இடுக்கில் சாய்த்து வைத்து டைமர் போடுங்கள்.

ஜோடியாகப் படம் எடுக்கப் போகிறவர்களுக்குத் தொழில் ரீதியாக ஒரு வார்த்தை. வெள்ளை வேட்டி சட்டையோடு அருவி முன்னால் நின்றால் மாப்பிள்ளை தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடுவார். அரக்கு, மஞ்சள், கருநீலம் உடுத்துங்கள். பச்சை வேண்டாம், சுற்றிலும் அதுதான் இருக்கிறது. மெதுவான ஷட்டரில் ஆள் ஆடக்கூடாது. கால் நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க யாராலும் முடியும், இரண்டு நொடி புதுமாப்பிள்ளையால் முடியாது. அருவியின் உச்சி விளிம்பில் நின்று எடுக்கச் சொல்லி எவ்வளவு பணம் தந்தாலும் நான் எடுப்பதில்லை. பாசி பிடித்த பாறையில் ஒரு தடவை கால் வழுக்கினால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. ஹவாய் செருப்போடு கீழே இறங்குவதும் அதே ரகம்தான். அடி தேயாத பழைய ஷூ போதும். ட்ரோன் பறக்கவிட ஆசைப்படுகிறவர்கள் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே போய் வாக்குவாதம் செய்தால் ட்ரோன்தான் போகும்.

குளிக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் குளிப்பதில்லை. ஏரியைச் சுற்றி ஊர், கடை, விடுதி எல்லாம் இருக்கிறது. ஊரைக் கழுவிக்கொண்டு வருகிற மழைநீரும் அந்த ஏரிக்குத்தான் வருகிறது. மெதுவான ஷட்டரில் கீழே தேங்கிய நீரில் நுரை வட்டமாகச் சுற்றுவது படத்தில் அழகாகத்தான் விழும், ஆனால் அந்த நுரை எங்கிருந்து வருகிறது என்று யோசித்தால் இறங்கத் தோன்றாது.

போய்ப் பார்த்தால் தண்ணீர் இல்லை என்றால் அந்த நாளை வீணாக்காதீர்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை எஸ்டேட்டுகளில் காபிப் பழம் பறிக்கிற நேரம். சில்வர் ஓக் மர நிழலில் சிவப்புப் பழங்களை மேக்ரோவில் (மிக நெருக்கத்தில்) எடுக்கலாம், கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்து ஒரு வாரம் பத்து நாளில் காபிச் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும். மூன்று நான்கு நாளில் வாடிவிடும். அதைப் பிடித்துவிட்டால் வறண்ட அருவியைப் பற்றி யாரும் புலம்ப மாட்டார்கள்.

அருவியேதான் வேண்டும் என்றால் அக்கம்பக்கத்தில் இரண்டு இருக்கிறது. கொல்லிமலை ஆகாய கங்கை நாமக்கல் மாவட்டம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்க வேண்டும். அங்கே ஐயாறு விழுகிறது, கிளியூரைவிட நம்பகமானது, படமும் பிரமாதமாக வரும். ஆனால் முழங்கால் வலி இருக்கிற அம்மா அப்பாவை அங்கே கூட்டிப்போகாதீர்கள். அவர்களோடு போவதென்றால் ஆத்தூர் பக்கம் ஆணைவாரி முட்டல் சரியாக இருக்கும். கல்வராயன் மலை அடிவாரம், சின்ன அருவி, வனத்துறை பராமரிக்கிறது, முட்டல் ஏரியில் படகும் உண்டு. அங்கேயும் மழை இருந்தால்தான் தண்ணீர், ஆகவே கிளம்புமுன் ஒரு போன் போட்டுவிடுங்கள்.