திப்புவின் சிப்பாய்க்கு எந்த நிறத்தில் சட்டை?

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் வசிக்கிறேன். 1791இல் நம் மலைக்கோட்டையைக் காத்த திப்புவின் சிப்பாய் ஒருவனை 54 மி.மீ. உயரத்தில் எபாக்சி புட்டியில் செய்து வருகிறேன். இணையத்தில் ஒரு படத்தில் மஞ்சளும் கறுப்புமாகப் புலிவரி, இன்னொன்றில் பச்சைக் கோட்டு, மற்றொன்றில் காலில் பூட்ஸ். எதை நம்பி வர்ணம் அடிப்பது?

பதில்: ஆண்டை நீங்களே சொல்லிவிட்டதால் பாதி வேலை முடிந்தது. பலர் "திப்பு காலம்" என்று மட்டும் எழுதுவார்கள். அது போதாது. நான் முன்பு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் சிப்பாய் ஒருவனைச் செய்து, அடியில் 1791 என்று எழுதி, தலையில் தோல் வைத்த வட்டத் தலைப்பாகையை மாட்டிவிட்டேன். அந்தத் தலைப்பாகைக்கு உத்தரவு வந்ததே 1805 கடைசியில்தான். 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சிக்கு அதுவும் ஒரு காரணம். பொம்மையைப் பார்த்த ஒரு பெரியவர் அதைச் சொன்ன நாள் முதல், படத்தைப் பார்க்கும் முன்பே அதை வரைந்தவர் எப்போது, எங்கே இருந்தார் என்று பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது.

நீங்களும் அதையே செய்யுங்கள். திப்புவின் இரு மகன்கள் 1792இல் பிணையாக ஒப்படைக்கப்பட்ட காட்சியை ராபர்ட் ஹோமும் வரைந்தார், மேதர் பிரவுனும் வரைந்தார். ஹோம், ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிஸின் படையோடு மைசூர் நாட்டுக்குள் போனவர். பிரவுன் லண்டனில் இருந்தபடியே வரைந்தவர். திப்புவின் உடலைக் கண்டெடுப்பதாக டேவிட் வில்கி வரைந்த பெரிய ஓவியம் முடிந்தது 1839இல். திப்பு இறந்து அப்போது நாற்பது ஆண்டு. அழகான ஓவியம்தான், ஆனால் உடைக்குச் சாட்சியாகாது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத்தின் சுவரிலுள்ள பொள்ளிலூர்ப் போர்க் காட்சி அந்தக் காலத்துச் சுவரோவியம். ஆனால் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி காலத்தில், 1850களில், அதன்மேல் மறுபடி வர்ணம் ஏற்றியிருக்கிறார்கள். அணிவகுப்பையும் நிற்கும் விதத்தையும் அதில் பாருங்கள். நிறத்தை மட்டும் அதிலிருந்து எடுக்க வேண்டாம்.

சட்டைக்கு வருவோம். ஹோம் எழுதிவைத்த வர்ணனைப்படி, திப்புவின் ஒழுங்குக் காலாட்படைக்கு ஊதா நிறக் கம்பளித் துணியில் வெள்ளைச் சாய்சதுரப் புள்ளிகள். "புலிச்சட்டை" என்று பெயர். தலையில் சிவப்பு மஸ்லின் தலைப்பாகை, இடுப்பில் அதே சிவப்பில் கச்சை, குறுக்கே கறுப்புத் தோல் வார்கள். கால் வெறுங்கால், அடியில் செருப்பு மட்டும். ஆக, பூட்ஸைக் கழற்றிவிடுங்கள். மஞ்சள் கறுப்பு வரி, "புலி" என்ற சொல்லைக் கேட்டுப் பிற்கால ஓவியர்கள் போட்டது என்பது என் கணிப்பு.

அந்தப் புள்ளியின் வடிவம்தான் எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். ஆங்கிலேயர் கண்ணுக்குச் சாய்சதுரமாகப் பட்டது, திப்பு தன் ஆயுதங்களிலெல்லாம் பதித்த "பப்ரி" என்னும் புலிவரியாகவே இருக்க வேண்டும். நேர்க்கோடாக இல்லாமல், நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கி லேசாக நெளியும் வரி அது. பெங்களூர் வழியாக ஸ்ரீரங்கப்பட்டணம் போய், திப்புவின் சமாதியான கும்பஸின் உட்சுவரை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். பத்துப் படம் பார்ப்பதைவிட அது மேல். உங்கள் அளவு ஏறத்தாழ முப்பத்திரண்டில் ஒன்று. நிஜத்தில் மூன்று சென்டிமீட்டர் வரி என்று கொண்டால், பொம்மையில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. மூன்று சைபர் (000) எண் மெல்லிய தூரிகையில், தூய வெள்ளைக்குப் பதில் பழுப்பு கலந்த வெள்ளை வையுங்கள். ஊதா என்றதும் பளீரென்ற வயலெட்டுக்குப் போக வேண்டாம். செயற்கைச் சாயம் வராத காலம் அது. நானாக இருந்தால் வெயிலில் வெளுத்த கத்தரிக்காய் நிறம் அடிப்பேன்.

ஒரு எச்சரிக்கை: இந்த வர்ணனை ஒழுங்குப் படைக்கு மட்டும். மைசூர் அரசில் கந்தாச்சார் என்ற உள்ளூர்க் காவல் வீரர்களும் உண்டு. அவர்களுக்கும் புலிச்சட்டை மாட்டிவிடாதீர்கள்.

நோட்டு ஒன்றில் தலைப்பாகை, சட்டை, வார், செருப்பு என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் சொன்னது, நேரில் பார்த்தாரா, எந்த ஆண்டு என்று குறித்துவையுங்கள். எதிர்ப்பக்கம் காலியாக இருக்கிற பாகத்தை நிற்கும் விதத்தால் மறைத்துவிடலாம்.

அதற்கு நம் கோட்டை வரலாறே வழி சொல்கிறது. 1791 நவம்பர் 7 இரவு ஆங்கிலேயத் தளபதி மேக்ஸ்வெல்லின் படை பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்தது. மேல்கோட்டைக்கு ஏணி சாத்த முயன்றபோது மேலிருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டே விரட்டினார்கள். உங்கள் சிப்பாய் துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, குனிந்து ஒரு பாறையைத் தள்ளட்டும். துப்பாக்கியின் விசைப்பகுதி உடம்புக்குப் பின்னால் போய்விடும், காட்சியும் அந்த இரவுக்கு உண்மையாக இருக்கும். பாறைக்கு நிஜக் கருங்கல் ஜல்லியை வைத்தால் அதன் மினுமினுப்பும் பெரிய மணிகளும் அளவைக் கெடுத்துவிடும். புட்டியிலேயே உருட்டி, பிரைமர் அடித்து, சாம்பல் வர்ணம் கொடுங்கள்.