சட்டைப்பை ஏடும் மேசை ஏடும்: இசைக் கேள்வி – பதில்

கேள்வி: நான் டோம்பிவலியில் வசிக்கிறேன், மும்பை ஃபோர்ட்டில் வங்கி வேலை. பன்னிரண்டு ஆண்டுகள் கர்நாடக இசை கற்றிருக்கிறேன். தமிழில் கீர்த்தனைகள் இயற்ற வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக முயல்கிறேன். கையில் முப்பது பல்லவிகள் இருக்கின்றன. முடிந்த பாட்டு ஒன்றுகூட இல்லை. ரயிலிலேயே நாளுக்கு இரண்டரை மணி நேரம் போய்விடுகிறது. இரவில் சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது. பாட்டு இயற்றியவர்கள் தங்கள் நேரத்தை எப்படி அமைத்துக்கொண்டார்கள்? வேலையை விட்டால்தான் இது கைகூடுமா?
– ஒரு வாசகர், டோம்பிவலி

பதில்: வேலையை விட வேண்டாம். கவி குஞ்சர பாரதியின் பேரரான கோடீஸ்வர ஐயர் (1870–1938) சென்னை உயர் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். 72 மேளகர்த்தா ராகங்களிலும் (மற்ற ராகங்களுக்குத் தாயான ராகங்கள்) தமிழில் கீர்த்தனை செய்து, ‘கந்த கானாமுதம்’ என்ற தொகுப்பைத் தந்தவரும் அவரே. நீதிமன்ற வேலை எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று. அவருடைய திட்டத்தில் ஒரு வசதி இருப்பதைக் கவனியுங்கள். எழுபத்திரண்டு என்று எல்லை கட்டிக்கொண்டவனுக்கு, இன்று எந்த ராகத்தில் தொடங்கலாம் என்ற யோசனையிலேயே ஒரு மாலைப்பொழுது வீணாவதில்லை. ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களை (சுற்றுகளை) பாடும் முத்துசுவாமி தீட்சிதரின் கமலாம்பா நவாவரணத்திலும் இப்படி ஓர் ஒழுங்கு உண்டு. ஆவரணத்துக்கு ஒரு கீர்த்தனை, எட்டு ஆவரணங்களுக்கு எட்டு வேற்றுமைகள், ஒன்பதாவதில் எல்லா வேற்றுமைகளும். உங்களுடைய முப்பது பல்லவிகளும் முப்பது தனித்தனி ஆசைகளாக நிற்கின்றன என்பதே என் ஐயம்.

இனி நேரத்துக்கு வருவோம். பாட்டின் கரு தோன்றும் வேளையும், அதை உட்கார்ந்து வளர்க்கும் வேளையும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் பெரும்பாலோர் திணறுகிறார்கள். மேற்கத்திய இசையமைப்பாளர் பேத்தோவனின் குறிப்பேடுகளை ஆராய்ந்தவர்கள் அவற்றை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். ஒன்று, வெளியே நடக்கும்போது சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பென்சிலால் கிறுக்குவதற்கான சிறிய ஏடு. மற்றொன்று, வீட்டில் மேசைமேல் வைத்து, பெரும்பாலும் மையால் எழுதுவதற்கான பெரிய ஏடு. ஒரே மெட்டு அந்த ஏடுகளில் திரும்பத் திரும்ப அடித்துத் திருத்தப்பட்டிருப்பதைப் பார்த்தால், முதலில் தோன்றியதை அவர் எவ்வளவு குறைவாக நம்பினார் என்பது விளங்கும். சைகோவ்ஸ்கியும் மதிய உணவுக்குப் பின் இரண்டு மணி நேரம் தனியே நடப்பதை ஒரு விரதம்போலக் கடைப்பிடித்தார். நடக்கும்போது தோன்றியதைக் குறித்துக்கொள்வார், பியானோவின் முன் அமர்ந்து அதை வளர்ப்பது வேறு வேளையில்.

உங்களுக்கு அந்த நடை ரயிலில் கிடைக்கிறது. காலையில் தாணே தாண்டினால் கை அசைக்க இடம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். அதனால் காலைப் பயணத்தில் மனத்துக்குள் பாடுவதைத் தவிர வேறெதையும் எதிர்பார்க்காதீர்கள். (பக்கத்துப் பெட்டியில் பஜனை கோஷ்டி தாளம் தட்டத் தொடங்கிவிட்டால் அதுவும் நடக்காது, அன்று அவர்களுடைய தாளத்தையே கேட்டுக்கொண்டு போவது நல்லது.) மாலையில் ரயில் புறப்படும் முனையமான சி.எஸ்.எம்.டி.யிலேயே ஏறுவதால் பல நாட்கள் உட்கார இடம் கிடைக்கும். அப்போது ஒரு சிறிய ஏட்டில் ஸ்வரமாகவோ சொல்லாகவோ இரண்டு வரி எழுதுங்கள். முடிக்க முயலாதீர்கள். ரயிலில் முடித்த பாட்டு வீட்டுக்கு வந்து பாடிப் பார்த்தால் பெரும்பாலும் நிற்பதில்லை. இதை என் சொந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

மேசை ஏட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் போதும். வார நாட்களின் இரவை என்ன செய்வது என்றால், அதற்கு இசையமைப்பாளர் மாலரிடம் வழி இருக்கிறது. 1897 முதல் 1907 வரை வியன்னா அரசவை ஓபராவின் (இசை நாடக அரங்கின்) இயக்குநராக இருந்த அவருக்கு, பருவம் முழுதும் ஒத்திகையும் நிர்வாகமும்தான் வேலை. கோடை விடுமுறையில் ஏரிக்கரைக் குடிலில் அமர்ந்து சிம்பொனியின் வரைவை எழுதிவிடுவார். எந்த வரி எந்த வாத்தியத்துக்கு என்று பிரித்துச் சுத்தப்படி எடுக்கும் வேலையைக் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வார். களைத்த மனத்தாலும் செய்யக்கூடியது எது, புதிய மனம் மட்டுமே செய்யக்கூடியது எது என்று அவர் பிரித்துவைத்திருந்தார். நீங்களும் இரவில் புதிதாக எதையும் இயற்ற வேண்டாம். ஞாயிறன்று அமைந்ததைச் சுரப்படுத்துங்கள், சங்கதிகளை (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வடிவங்களை) வரிசைப்படுத்துங்கள், தாளத்தில் சொல் சரியாக விழுகிறதா என்று எண்ணிப் பாருங்கள். அரை மணி நேரத்தில் தூக்கம் வந்தால் தூங்கிவிடலாம்.

பல்லவியிலேயே நின்றுவிடுவதற்கு நேரமின்மையைத் தவிர வேறொரு காரணமும் இருக்கக்கூடும். பல்லவியை அடுத்து வரும் அனுபல்லவியின் முதல் சொல், பல்லவியின் முதல் சொல்லோடு இரண்டாம் எழுத்தில் எதுகையாக அமைய வேண்டும் என்பது மரபு. பல்லவியின் முதல் சொல்லை ஆசையாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, அதற்கு எதுகை தேடும்போதுதான் பலருக்கு வழி அடைபடுகிறது. ஆகவே பல்லவியை உறுதிசெய்வதற்கு முன்பே, பொருளோடு ஒட்டக்கூடிய பத்து எதுகைச் சொற்களை ஓரத்தில் எழுதிப் பாருங்கள். பத்து கிடைக்கவில்லை என்றால் முதல் சொல்லை மாற்றுங்கள். கூடவே, பல்லவியிலேயே தார ஸ்தாயி ஷட்ஜத்துக்கு (மேல் ‘ஸ’வுக்கு) ஓடிவிடுகிறீர்களா என்றும் பாருங்கள். அங்கே போய்விட்டால் அனுபல்லவி ஏறுவதற்கு இடம் எது?

கடைசியாக ஒரு தேதி வேண்டும். 1723-இல் லைப்சிக் நகரத்தில் தேவாலய இசைப் பொறுப்பேற்ற இசையமைப்பாளர் பாக், தேவாலயத்தின் ஞாயிறுகளுக்கும் திருநாட்களுக்கும் வாரந்தோறும் இசை கொடுக்க வேண்டியிருந்தது. வாத்தியப் பகுதிகளைப் படியெடுக்க மாணவர்களும் குடும்பத்தாரும் கைகொடுத்தார்கள். சுமார் இருநூறு கான்டாட்டாக்கள் (குரலும் வாத்தியமும் சேர்ந்த பாடல் தொகுதிகள்) நமக்குக் கிடைத்திருப்பதில் அந்த ஞாயிறுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. எதிர்மாறான உதாரணம் ரஷ்ய இசையமைப்பாளர் போரோதின். வேதியியல் பேராசிரியரான அவர் 1869-இல் தொடங்கிய ‘இளவரசர் ஈகோர்’ ஓபரா, 1887-இல் அவர் இறந்தபோதும் முடியாமல் கிடந்தது. ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் அதை முடித்துவைத்தார்கள். உடம்பு சரியில்லாமல் வகுப்புக்குப் போகாத நாளில்தான் தம்மால் எழுத முடிகிறது என்பதால், தாம் நோயில் விழ வேண்டும் என்றே நண்பர்கள் தம்மை வாழ்த்துகிறார்கள் என்று அவரே வேடிக்கையாக எழுதியிருக்கிறார். அவருடைய இடையூறும் உங்களுடையதும் ஒன்றேதான். செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்குப் போவீர்களானால், வரும் கந்த சஷ்டியின் ஆறு நாட்களில் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்து, அன்று ஒரு புதிய கீர்த்தனையைப் பாடிக் காட்டுவதாக உங்கள் ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். முப்பதில் எந்தப் பல்லவி பிழைக்கும் என்பதை அந்தத் தேதி தீர்மானித்துக்கொள்ளும். மற்றவற்றையும் எறிந்துவிடாதீர்கள். பாக் தம்முடைய 1734-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் ஆரட்டோரியோவில் (சமயக் கதையைச் சொல்லும் நீண்ட இசைப் படைப்பில்), அரச குடும்பத்து விழாக்களுக்காக முன்பு எழுதிய இசையை வேறு சொற்களோடு எடுத்தாண்டிருக்கிறார். உங்கள் பழைய பல்லவி ஒன்று புதிய பாட்டின் சரணமாகலாம்.

கேள்வி: கல்லூரி மாணவன் நான். குறும்படங்களுக்குக் கணினியில் இசையமைக்கிறேன். எட்டு பார் லூப் (எட்டுத் தாளக் கட்டங்கள் சுழன்று வரும் இசைத்துண்டு) ஒன்றை இரவெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, விடியும்போது அழித்துவிடுகிறேன். ஏ.ஆர்.ரஹ்மான் இரவில் வேலை செய்பவர் என்பதால்தான் நானும் இரவைத் தேர்ந்தெடுத்தேன். என் தவறு எங்கே?
– ஒரு வாசகர், செம்பூர்

பதில்: இரவு தவறில்லை. இளையராஜா அதிகாலையிலேயே வேலையைத் தொடங்குபவர் என்று பெயர் பெற்றவர். அதனால் காலைதான் உயர்ந்தது என்றும் ஆகிவிடாது. அவரிடம் கற்க வேண்டியது வேறொன்று. வாத்தியங்கள் ஒலிப்பதற்கு முன்பே, எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்பதை அவர் தாளில் எழுதிவிடுகிறார். தாள் உங்களுக்கு எதையும் திரும்ப வாசித்துக் காட்டுவதில்லை. எட்டு பார் எழுதி முடித்தால் ஒன்பதாவதுக்குப் போகத்தான் வேண்டும். கணினி அப்படியன்று. நாற்பதாவது முறை கேட்கும்போது காதுக்கு அலுப்பும் தீர்ப்பும் ஒன்றுபோலத் தோன்றும், நல்ல மெட்டையும் அழித்துவிடுவீர்கள்.

ஹைடன் காலையில் வாத்தியத்தின் முன் அமர்ந்து மனம்போன போக்கில் வாசித்து ஒரு கருத்தைக் கண்டுபிடிப்பார். அதை முறைப்படி எழுதுவது பின்னேரத்து வேலை. நீங்களும் குறும்படத்தை ஒலியில்லாமல் ஒரு முறை பார்த்து, இசை எந்த வினாடியில் நுழைய வேண்டும், எங்கே விலக வேண்டும் என்பதைத் தாளில் குறித்துவிட்டு, அந்த நீளம் முழுவதற்கும் ஒற்றைக் கீபோர்டு ஒலியில் வாசித்து முடித்த பிறகே வேறு ட்ராக்குகளைத் திறங்கள். அழிப்பதை மட்டும் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.

கேள்வி: மாதுங்காவில் பழைய கட்டடத்தில் குடியிருக்கிறோம். சுவர் மெல்லியது. பாதி அமைந்த மெட்டைத் திரும்பத் திரும்பப் பாடும்போது பக்கத்து வீட்டார் கேட்கிறார்கள் என்ற கூச்சத்தில் குரலே எழுவதில்லை. இது என் பலவீனமா?
– ஒரு வாசகி, மாதுங்கா

பதில்: அப்படியானால் ஸ்ட்ராவின்ஸ்கியும் பலவீனர்தான். யாரும் கேட்கவில்லை என்று உறுதியானால் மட்டுமே தம்மால் இசையமைக்க முடியும் என்று சொன்னவர் அவர். ஒலி அடக்கப்பட்ட பியானோவை வைத்துக்கொண்டு வேலை செய்தார். முடிந்த பாட்டைப் பலர் முன்னால் பாடத் தயங்காதவர்களுக்கும், முடியாத பாட்டை ஒருவர் கேட்டுவிட்டால் அது வாடிவிடும். சுருதிப் பெட்டியைக் காதொலிப்பானில் கேட்டுக்கொண்டு, வாயை மூடி முணுமுணுத்தே மெட்டை அமையுங்கள். பக்கத்து வீட்டில் குக்கர் கூவும் காலை வேளையில் மட்டும் வாய்விட்டுப் பாடிச் சரிபாருங்கள். அப்போது அவர்கள் காதில் உங்கள் மெட்டு விழாது.